ஊர் ஏன் வளர்கிறது? நெல்லையில் மனை பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. மேசைக்கு எதிரே வந்து உட்காருகிறவர்கள் பிளானைப் பற்றிக் கேட்பதைவிட ஊரைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். "அண்ணாச்சி, அந்தப் பக்கம் இன்னும் டெவலப் ஆகுமா?" என்று ஆரம்பிக்கும். அப்புறம் பேச்சு ரயில், வாய்க்கால், பள்ளிக்கூடம் என்று எங்கெங்கோ போகும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

ஜனத்தொகை கூடுவதால்தானே ஊர் பெரிதாகிறது?

பாதி உண்மை. ஓர் ஊரில் ஆள் கூடுவதற்கு மூன்று வழிகள்தான் உண்டு. அங்கேயே பிறக்க வேண்டும், வெளியிலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் ஊரின் எல்லைக்கோட்டைத் தள்ளிப் போட்டுப் பக்கத்துக் கிராமத்தை உள்ளே சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் முதல் வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள். மக்கள்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும்.

திருநெல்வேலி மாநகராட்சியில் 2001-ல் சுமார் 4.1 லட்சம் பேர், 2011-ல் சுமார் 4.7 லட்சம் பேர். பத்து வருஷத்தில் பதினைந்து சதவீதம். மாநிலம் முழுவதுமே அந்த அளவுதான் கூடியது. ஆக, நெல்லை ஒன்றும் பீறிட்டு வளரவில்லை. ஆனால் அதே பத்து வருஷத்தில் பெருமாள்புரத்துக்குத் தெற்கேயும் கே.டி.சி. நகருக்குக் கிழக்கேயும் எத்தனை வீடு முளைத்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பதினைந்து சதவீதக் கணக்கில் அடங்காது.

அப்படியானால் அத்தனை வீடு யாருக்கு?

எங்கள் ஆச்சி வீட்டைச் சொல்கிறேன். டவுனில் மேலரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. வாசல் பக்கம் பன்னிரண்டு அடி அகலம், உள்ளே போகப் போக ரயில் பெட்டி மாதிரி நீளும். நடுவில் வானம் தெரிகிற முற்றம், கடைசியில் கிணறு. நான் சிறுவனாக இருந்தபோது அதில் பதினொரு பேர் இருந்தோம். ராத்திரி பாய் விரித்தால் நடக்க இடம் இருக்காது. அந்தப் பதினொரு பேரின் வகையில் இன்று நெல்லையிலேயே ஆறு வீடு இருக்கிறது. பெரியப்பா மகனுக்கு மகாராஜநகர், அத்தை மகளுக்கு என்.ஜி.ஓ. காலனி, இப்படி. ஆச்சி வீட்டில் இப்போது ஒரு பாத்திரக்கடையின் குடோன்.

ஆள் அவ்வளவு கூடவில்லை, குடும்பம் உடைந்து சிறிதாகிவிட்டது. எட்டுப் பேர் இருந்த இடத்தில் நாலு பேர், அதுவும் போய் இப்போது மூன்று பேர். அதே ஜனத்துக்கு இரண்டு மடங்கு கூரை வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கூரைக்கும் கார் நிறுத்த ஓரிடமும் வண்டி திரும்ப இருபது அடி ரோடும் வேண்டும். பட்டணம் பரந்துபோவதில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. பேசுகிறவர்கள்தான் குறைவு.

திருநெல்வேலி ஒரே ஊரா, இல்லை பல ஊரா?

வெளியூர்க்காரர் பஸ்ஸில் ஏறி "திருநெல்வேலிக்கு ஒரு டிக்கெட்" என்றால் கண்டக்டர் நிமிர்ந்து பார்ப்பார். "டவுனா, ஜங்ஷனா, பாளையா, புது பஸ்ஸ்டாண்டா?" அந்தக் கேள்விக்குள்தான் இந்த ஊரின் வரலாறு முழுக்க இருக்கிறது.

டவுன் என்பது நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ஊர். கோயில், நாலு ரத வீதி, வீதியெல்லாம் கடை. தாமிரபரணி ஆற்றுக்கு மேற்கே நயினார்குளத்தையும் நெல்லைக் கால்வாயையும் வயலையும் அணைத்துக்கொண்டு கிடக்கிறது. பாளை என்கிற பாளையங்கோட்டை ஆற்றுக்குக் கிழக்கே. பெயரே சொல்கிறது, அது கோட்டை ஊர். பாளையக்காரர்களோடு சண்டை நடந்த காலத்தில் கும்பினிப் படை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை தங்கிய இடம், பிறகு மிஷனரிகளின் இடம். மேலப்பாளையம் நெசவு ஊர். பேட்டை சந்தையும் மில்லும் இருந்த ஊர். தச்சநல்லூர் வடக்கே வயலுக்கு நடுவே இருந்த ஊர்.

இந்த ஐந்தும் தனித்தனியாகப் பிழைத்தவை. டவுனுக்கும் பாளைக்கும் 1866-ல் தனித்தனி நகராட்சி வந்தது. நூற்று இருபத்தெட்டு வருஷம் அப்படியே ஓடியது. 1994-ல்தான் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூர் பேரூராட்சியையும் சுற்றியிருந்த சில ஊராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். இன்றைக்கும் பாளைக்காரர் ஒருவர் "திருநெல்வேலிக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் டவுனுக்குக் கிளம்புவார்.

பெரிய பட்டணம் எல்லாமே ஒரு மையத்திலிருந்து எண்ணெய்த் துளி மாதிரி பரவியது என்று பாடப்புத்தகம் சொல்லும். நம் ஊர் அப்படி இல்லை. ஐந்து துளிகள் பரவி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன.

எது அவற்றைத் தொட வைத்தது?

முதலில் ஒரு பாலம். தாமிரபரணி ஜனவரியில் கூடச் சும்மா இருக்கிற ஆறு இல்லை. டவுனிலிருந்து பாளைக்கு ஆறேழு கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் படகுத்துறையில் காத்துக் கிடக்க வேண்டும். கலெக்டர் கச்சேரியில், அதாவது அலுவலகத்தில், சிரஸ்தார் என்ற உயர் பதவியில் இருந்த சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டு 1843-ல் ஆற்றின் மேல் பாலம் கட்டி முடித்தார். பதினோரு வளைவு. இன்றைக்கும் அதன் மேல்தான் பஸ் போகிறது. பாலம் வந்த அன்றைக்கு ஒரு வீடும் புதிதாக முளைத்திருக்காது. ஆனால் டவுன் வியாபாரிக்குப் பாளை கச்சேரியும் பாளை குமாஸ்தாவுக்கு டவுன் கடையும் ஒரே நாள் வேலைக்குள் வந்துவிட்டன.

மனிதன் வேலைக்காகப் போய் வரச் செலவழிக்கத் தயாராக இருக்கும் நேரம் அவ்வளவாக மாறுவதில்லை. போக அரை மணி, வர அரை மணி. நடந்த காலத்தில் அது இரண்டு, இரண்டரை கிலோமீட்டர். டவுன் ரத வீதிகளை ஒரு சுற்று நடந்து பாருங்கள், பழைய ஊர் அந்த அளவுக்குள் அடங்கியிருப்பது தெரியும். சைக்கிள் வந்தபோது அதே அரை மணி ஆறு கிலோமீட்டர் ஆனது. டவுன் பஸ்ஸும் பைக்கும் வந்தபோது பன்னிரண்டு, பதினைந்து. ரெட்டியார்பட்டியில் வீடு கட்டி ஜங்ஷனில் வேலை பார்ப்பவர், ஆச்சி காலத்தில் பேட்டை ரோட்டிலிருந்து ரத வீதிக்கு நடந்தவர் செலவழித்த நேரத்தைத்தான் செலவழிக்கிறார். ஊர் எவ்வளவு தூரம் பரவும் என்று யாராவது கேட்டால் வாகனத்தைப் பார் என்பேன்.

ஜங்ஷன் எப்படி ஊராச்சு?

ரயில்தான். 1876-ல் மணியாச்சியிலிருந்து இங்கே பாதை வந்தது. ஸ்டேஷன் டவுனிலும் இல்லை, பாளையிலும் இல்லை, நடுவே ஆற்றங்கரைக்குப் பக்கத்தில். ரயிலில் இறங்குகிறவனுக்குச் சாப்பாடு வேண்டும், தங்க லாட்ஜ் வேண்டும், அடுத்த ஊருக்குப் பஸ் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்ததும் ஒரு ரயில்வே வார்த்தை ஊர்ப் பெயராகிவிட்டது. தமிழில் அதற்கு ஒரு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவுமில்லை.

ரயில் சேர்த்தும் வைக்கும், வெட்டியும் போடும். டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் நடுவில் தண்டவாளம். ரயில்வே கேட்டை அடைத்தால் இரண்டு பக்கமும் ஊர் நிற்கும். அதற்குத்தான் 1973-ல் ஈரடுக்கு மேம்பாலம் வந்தது. மேலே பஸ்ஸும் லாரியும், கீழே சைக்கிளும் ஆளும். சிறுவயதில் கீழ்த்தட்டில் சைக்கிள் மிதித்துப் போனால், தலைக்கு மேலே பஸ் போகிற அதிர்வு கைப்பிடி வரைக்கும் வரும்.

எல்லாரும் ஏன் பாளை பக்கமே வீடு கட்டுகிறார்கள்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று மண், இன்னொன்று பள்ளிக்கூடம்.

மண்ணை முதலில் பார்ப்போம். டவுனைச் சுற்றியது நஞ்சை. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாய் பாய்ந்து, கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகமும் விளைந்த பூமி. காருக்குத் தண்ணீர் இல்லாத வருஷத்திலும் பிசானம் விளையும். அப்படிப்பட்ட வயலை யாரும் சுலபத்தில் விற்க மாட்டார்கள். விற்றாலும் களிமண், அஸ்திவாரத்துக்குச் செலவு இழுக்கும். பாளைக்குத் தெற்கும் கிழக்கும் புஞ்சை. பாளையங்கால் வாய்க்கால் எட்டாத மேடு. ஆடு மேய்ந்துகொண்டிருந்த, பனையும் உடைமரமும் நின்ற செம்மண். ஹைகிரவுண்ட் என்ற பெயரைத் தமிழ்ப்படுத்தினாலே விஷயம் விளங்கிவிடும். அங்கே தோண்டினால் சீக்கிரம் கெட்டி மண் வந்துவிடும், தண்ணீர் தேங்காது, விலையும் மலிவு. 1965-ல் மருத்துவக் கல்லூரி அங்கே வந்தது. ஆஸ்பத்திரியைச் சுற்றி மருந்துக்கடை, லேப், டாக்டர் வீடு என்று ஒரு ஊரே உண்டானது. பெருமாள்புரம், தியாகராஜநகர், மகாராஜநகர் எல்லாம் இந்த மேட்டு நிலத்தின் பிள்ளைகள்தான்.

இனி பள்ளிக்கூடம். பாளையைத் தென்னகத்து ஆக்ஸ்போர்டு என்பார்கள். கொஞ்சம் அலட்டலாக இருந்தாலும் ஆதாரம் இல்லாத பேச்சு இல்லை. மிஷன் பள்ளிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. 1878-ல் தூய யோவான் கல்லூரி, 1895-ல் சாரா டக்கர் பெண்கள் கல்லூரி, 1923-ல் தூய சவேரியார் கல்லூரி. பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் தனிப் பள்ளிகள் கூட அப்போதே உண்டு. ஒரு மாவட்டத்தில் பிள்ளைகள் படிக்கிற இடம் ஒரே ஊரில் குவிந்துவிட்டால் என்ன ஆகும்? அம்பாசமுத்திரத்திலும் நாங்குநேரியிலும் திசையன்விளையிலும் நிலம் வைத்திருக்கும் அப்பாமார் யோசிப்பார்கள். முதலில் பிள்ளையை ஹாஸ்டலில் போடுவார்கள். அப்புறம் அம்மாவும் பிள்ளையும் வாடகை வீட்டுக்கு வருவார்கள், அப்பா சனி ஞாயிறு வந்து போவார். மூன்றாவது வருஷம் அப்பா என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பார்.

என் கணிப்பில், என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் பள்ளிக்கூடத்துக்காகத்தான் ஊர் மாறுகிறார்கள். வேலைக்காக என்று சொல்கிறவர்களின் மனைவியைக் கேட்டால் உண்மை வரும்.

தொழிற்சாலை வந்தால் ஊர் வளரும் என்கிறார்களே?

வளர்ந்தது. பாபநாசம் அருவித் தண்ணீரை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880-களில் பஞ்சாலை தொடங்கினார்கள். மலையடிவாரத்துக் கிராமமாக இருந்த விக்கிரமசிங்கபுரம் சங்கு ஊதினால் எழுந்திருக்கிற மில் ஊராக மாறியது. தாழையூத்தில் சுண்ணாம்புக்கல் கிடைத்ததால் 1949-ல் சிமெண்ட் ஆலை வந்தது. ஆலையைச் சுற்றி சங்கர்நகர் என்று ஒரு பேரூராட்சியே உருவானது. தொழிலாளிக்கு வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் ஆலை வாசலில் இருந்தாக வேண்டிய காலம் அது. வண்டி கிடையாதே.

இன்று கங்கைகொண்டானில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே வேலை பார்க்கிறவர் கங்கைகொண்டானில் குடியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கம்பெனி பஸ் வருகிறது, நாலுவழிச் சாலை இருக்கிறது. பிள்ளை பாளையில் படிக்கிறது. அதனால் வேலை ஓரிடத்திலும் வீடு இன்னோரிடத்திலும் வளர்கின்றன. "பக்கத்தில் ஃபாக்டரி வரப் போகுது சார்" என்று புரோக்கர் சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம பிள்ளைகள்தான் சென்னைக்கும் துபாய்க்கும் போய்விடுகிறதே. அப்புறம் இங்கே எப்படி வளருது?

போகிறவர்களால்தான் வளர்கிறது. சென்னையில் எந்தத் தெருவில் மளிகைக்கடைக்குப் போனாலும் கல்லாவில் இருப்பவர் "அண்ணாச்சி". தாராவியிலும் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இந்தச் சீமைக்காரர்கள் இருக்கிறார்கள். இவர்கள் உழைப்பு அங்கே அந்த ஊர்களைப் பெரிதாக்குகிறது. மிச்சம் பிடித்த பணம் இங்கே வருகிறது. சொந்தக் கிராமத்துக்கு அல்ல, பெரும்பாலும் பாளைக்கும் மேலப்பாளையத்துக்கும் வருகிறது. ஊரில் அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டது, ராத்திரி நெஞ்சுவலி என்றால் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு வீடு.

சில வீட்டுக்கு நான் பிளான் போட்டபோது ஓனரை நேரில் பார்த்ததே இல்லை. வாட்ஸ்அப்பில் பேசி, அவருடைய சித்தப்பா கையெழுத்துப் போட்டு, மாமா மேற்பார்வையில் கட்டி முடித்த வீடுகள். மாடியில் நாலு படுக்கையறை, கீழே ஒரு தாத்தா, ஒரு ஆச்சி. சாயங்காலம் அந்தத் தெரு வழியே போனால் எல்லா வீட்டிலும் முன்பக்கம் ஒரு லைட்டு மட்டும் எரியும்.

கிராமமா நகரமா என்று யார் முடிவு செய்கிறார்கள்?

இரண்டு பேர். ஒன்று அரசாணை: பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. இன்னொன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஊராட்சியாகவே இருந்தாலும் 5,000 பேருக்கு மேல் இருந்து, ஒரு சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசித்து, முக்கிய வேலை பார்க்கும் ஆண்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் விவசாயம் அல்லாத தொழில் செய்தால் அதைக் கணக்கில் நகரமாக எழுதிக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட கணக்கெடுப்பு நகரங்கள் 2001-ல் 111, 2011-ல் 376. யாரும் குடிபெயராமலே, வயலுக்குப் போனவன் வேனில் ஏறி வேலைக்குப் போக ஆரம்பித்ததாலேயே ஊர்கள் நகரமானதும் இந்தக் கணக்கில் அடக்கம். பீடி சுற்றுகிற, நெய்கிற, பாய் முடைகிற ஊர்கள் நிறைந்த இந்த ஆற்றங்கரைக்கு இது புதிதல்ல. இங்கே கிராமம் பல காலமாகவே பாதி நகரம்தான்.

வயல் எப்படி பிளாட் ஆகிறது?

இதற்கு என் மேசையில் கிடந்த ஒரு கட்டுப் பத்திரத்தையே காட்டலாம். முன்னீர்பள்ளம் போகிற வழியில் ஐந்து சென்ட் மனை. வரைபடம் போட வந்தவர் தாய்ப்பத்திரத்திலிருந்து எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தார். பத்திரத்தில் செக்குபந்தி என்று நாலு எல்லை எழுதுவார்கள் அல்லவா, அதை மட்டும் வரிசையாகப் படித்தேன்.

முதல் பத்திரத்தில் நிலத்தின் அளவு ஏக்கரில்கூட இல்லை. "ஒரு கோட்டை விதைப்பாடு", அதாவது ஒரு கோட்டை நெல் விதைக்கிற அளவு நிலம். எல்லை: வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னார் நஞ்சை, தெற்கே கோயில் நிலம், மேற்கே நடைவரப்பு. அடுத்தது பாகப்பிரிவினை. மூன்று மகன்கள், மூன்று துண்டு, அளவு சென்டுக்கு வந்துவிட்டது. வடக்கே அதே வாய்க்கால், கிழக்கே அண்ணன் பங்கு. மூன்றாவதில் ஒரு மகன் விற்கிறான். காரணம் எழுதியிருக்கிறது: "குடும்பச் செலவுக்கும் மகள் கல்யாணத்துக்குமாக." நாலாவதில் வாங்கியவர் அதை மனைகளாகப் பிரித்துவிட்டார். வடக்கே 20 அடி ரோடு, கிழக்கே பிளாட் எண் 15, தெற்கே பிளாட் எண் 22, மேற்கே 20 அடி ரோடு. வாய்க்காலைக் காணோம். எல்லா வரைபடமும் சர்வே எண்ணும் சரியாக இருந்தன, வாய்க்கால் மட்டும் ரோடாகிவிட்டது.

விதைக்கிற நெல்லால் நிலத்தை அளந்தவர்கள் சதுர அடிக்கு வருவதற்கு நாலு பத்திரம் போதுமாக இருந்தது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நம் பக்கம் யாரும் கிரவுண்டில் பேசுவதில்லை, சென்டுதான்.

ஏன் விற்கிறார்கள் என்று விவசாயியைத் திட்டிப் பயனில்லை. பிசானம் நன்றாக விளைந்தால் ஒரு ஏக்கர் எவ்வளவு தரும், அதே ஏக்கரை விற்று வங்கியில் போட்டால் வட்டி எவ்வளவு வரும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் எனக்கே வாய் அடைத்துவிடும். பக்கத்து வயலில் கல் நட்டுவிட்டால் இவர் வயலுக்குத் தண்ணீர் வருவதும் நின்றுபோகும். ஒரு வயல் விழுந்தால் வரிசையாக விழும்.

அங்கீகாரம் இல்லாத மனை என்கிறார்களே, அது என்ன?

மனைப்பிரிவு போடுகிறவர் நகர் ஊரமைப்புத் துறையிடம் அனுமதி வாங்கி, ரோடு விட்டு, பெரிய லேஅவுட்டாக இருந்தால் பத்து சதவீதம் பொது இடமும் விட வேண்டும். பல வருஷம் இதையெல்லாம் தாண்டி, ஒரு கல்லும் ஒரு பெயர்ப்பலகையும் நட்டு விற்றார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. 2017-ல் பணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ள அரசு விதி கொண்டுவந்தது. அந்த ஒரு வருஷம் என் மேசைக்கு எதிரே நாற்காலி காலியாகவே இருந்தது. பூங்காவுக்கு விட்ட இடத்தைக் காட்டி, "அது பின்னாடி கோயில் வரும் இடம்" என்று ஒரு பிரமோட்டர் என்னிடமே சொன்னார். பின்னாடி அங்கே அவர் வீடுதான் வந்தது.

நாலுவழிச் சாலை வந்தால் ஊர் அந்தப் பக்கம் போய்விடுமா?

ஒரு காலை அந்தப் பக்கம் வைக்கும். கன்னியாகுமரி நாலுவழிச் சாலை ஊருக்குள் வராமல் தாழையூத்து, கே.டி.சி. நகர், ரெட்டியார்பட்டி வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. லாரியைத் தள்ளி நிறுத்தத்தான் பைபாஸ் போடுகிறார்கள். பத்து வருஷத்தில் அதன் ஓரத்தில் கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க், ஹோட்டல், பள்ளிக்கூடம் வந்துவிடும். அப்புறம் அங்கே மேம்பாலம் கேட்டுப் போராட்டம் நடக்கும். வேய்ந்தான்குளத்தில் 2003-ல் புது பஸ்ஸ்டாண்டு வந்தபோது "இவ்வளவு தூரத்தில் யார் போவார்கள்" என்று பேசினார்கள். இன்று அதைத் தாண்டித்தான் பாதி ஊர் இருக்கிறது.

அப்போ பழைய டவுன் செத்துப்போகுமா?

ஜவுளி வாங்க ஒரு காலத்தில் ரத வீதிக்குத்தான் வந்தாக வேண்டும். இப்போது பெரிய ஷோரூம்கள் வண்ணார்பேட்டையில். கார் நிறுத்த இடம் வேண்டும், ரத வீதியில் கார் திரும்பவே இடமில்லை. குடியிருந்தவர்களும் எங்கள் வீடு மாதிரி வெளியேறிவிட்டார்கள். ஆனாலும் ஆனித் தேர் ஓடுகிற அன்று வந்து பாருங்கள். நயினார்குளம் காய்கறி மார்க்கெட்டில் விடியற்காலை நாலு மணிக்கு வந்து பாருங்கள். ஒரே பொருள் விற்கிறவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் வாங்குகிறவன் அங்கேதான் வருவான். பாத்திரம், நகை, மொத்த மளிகை எதுவானாலும் அந்தக் கூட்டத்தை உடைத்துத் தனியாகப் போகக் கடைக்காரர் பயப்படுவார். அந்தப் பயம் இருக்கும்வரை டவுனுக்கு ஒன்றும் ஆகாது. பகலில் நெரிசலும் ராத்திரி வெறிச்சென்றும் இருக்கும், அவ்வளவுதான்.

2023 வெள்ளத்துக்கும் ஊர் வளர்ந்ததற்கும் சம்பந்தம் உண்டா?

மழையை ஊர் கொண்டுவரவில்லை. 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்தது யாரும் எதிர்பார்க்காத மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எந்தப் பட்டணத்து வாறுகாலும் அதைத் தாங்காது. ஆனால் தண்ணீர் எங்கே நின்றது என்பதற்கும் நாம் எங்கே கட்டினோம் என்பதற்கும் சம்பந்தம் உண்டு. ஜங்ஷன் பஸ்ஸ்டாண்டு முங்கியது, மீனாட்சிபுரம், கொக்கிரகுளம் பக்கம் வீட்டுக்குள் ஆறு வந்தது, கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலும் தண்ணீர் நின்றது. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இந்த இடங்களை முன்னாலேயே சொல்லியிருப்பார்கள்.

ஆறு வந்தது ஒரு பக்கம். உள்ளே மழைத்தண்ணீர் வடியாமல் நின்றது இன்னொரு பக்கம். இங்கே ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு மறுகால் உண்டு. நிறைந்தால் அடுத்த குளத்துக்கு, அங்கிருந்து அடுத்ததுக்கு என்று சங்கிலியாகப் போகும். மறுகால் ஓடை வருஷத்தில் பதினொரு மாதம் காய்ந்து கிடக்கும். மனை பார்க்க வருகிறவர் மே மாதம் வருவார். அவர் கண்ணுக்கு அது ரோடு போடத் தோதான பள்ளம்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்கிறேன். யார் வரைபடம் கேட்டு வந்தாலும் சர்வே எண்ணை வைத்து பழைய கிராம வரைபடத்தை எடுத்து, பக்கத்தில் நீல நிறத்தில் ஓடை, குளத்துத் தண்ணீர் பரவி நிற்கும் உள்வாய் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். இருவர் முன்பணத்தைக்கூட விட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர், "சார், நாப்பது வருஷத்துக்கு ஒருக்கா வருத தண்ணிக்கு இப்பமே பயந்தா முடியுமா?" என்று கேட்டுவிட்டு அங்கேயே கட்டினார். கூடுதலாக மூன்று அடி மண் அடித்து உயர்த்திக் கட்டினார். இனி தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும்.

ஊர் வளராமல் நிறுத்த முடியாதா?

முடியாது. குடும்பம் பிரிவதை, பிள்ளை படிப்பதை, பைக் வாங்குவதை யார் நிறுத்துவது? எங்கே வளர வேண்டும் என்று மட்டும் சொல்ல முடியும். ரோடும் தண்ணீர்க் குழாயும் பஸ்ஸும் எங்கே முதலில் போகின்றனவோ அங்கே வீடு போகும். மேட்டுப் புஞ்சைக்கு அவற்றை முதலில் கொண்டுபோனால் நஞ்சைமேல் இருக்கிற அழுத்தம் குறையும். நம் ஊரில் பழக்கம் தலைகீழ்: முதலில் வீடு, அப்புறம் மனு, அப்புறம் ரோடு.

கடைசியாக ஒன்று: இப்போது எங்கே மனை வாங்கலாம்?

இதைக் கேட்காமல் யாரும் எழுந்ததில்லை. மே மாதம் பார்த்த இடத்தை ஐப்பசியில் அடைமழைக்கு மறுநாள் காலையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தால் புரோக்கருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். அந்தத் தெருவில் ஆடு மேய்க்கிற வயசாளி யாராவது இருந்தால் "ஐயா, இந்த எடத்துக்கு முன்னால என்ன பேரு?" என்று கேளுங்கள். லேஅவுட் பலகையில் ஏதோ கார்டன் என்று இருக்கும். அவர் வேறு பெயர் சொல்வார். அதில் குளம், ஓடை, மடை என்று எது வந்தாலும் என்னிடம் வர வேண்டாம்.